இரண்டாவது சிரட்டை

லித்தியானாவுக்குப் பொறாமை புதிதல்ல. கோரோ தீவில் அவள் பிறந்தபோதே அதுவும் கூடப் பிறந்துவிட்டது என்று அவள் கணவன் செமி சொல்வான். தலைநகர் சுவாவில் பஸ் ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். சின்ன வயதில் அக்காவின் தலைமுடியைப் பார்த்து எரிந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் தனியாகப் பாடும் வரியை வேறொருத்திக்குக் கொடுத்தபோது தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டிலேயே கிடந்தாள். பக்கத்து வீட்டுச் சேம்பு தன்னுடையதைவிட உயரமாக வளர்ந்தால் அந்த வேலிப் பக்கம் தலைகூடத் திருப்ப மாட்டாள். அதற்காகக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் சாவு என்றாலும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் போய் நிற்பவள் அவள்தான். போன இடத்தில், தன் பாயைவிடப் பெரிய பாய் யார் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கையில் குறையில்லாமல் கிடைத்த ஒன்று உண்டென்றால் அது வெள்ளிக்கிழமையின் இரண்டாவது சிரட்டை.

நகரத்தின் ரைவங்காப் பகுதியில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த நல்லூற்று அறக்கட்டளை. தூரத் தீவுகளுக்குக் குழாயும் தொட்டியும் கொண்டுபோகிற தண்ணீர்ப் பிரிவு லித்தியானாவின் கையில். தீவுப் பெண்கள் பின்னும் பாயையும் காய்ச்சும் எண்ணெயையும் நகரத்தில் விற்றுக் கொடுக்கிற பெண்கள் பிரிவு சாலாசெய்னியின் கையில். எல்லாருக்கும் அவள் சாலா. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வேலையை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கூட்ட அறையில் பாய் விரிப்பார்கள். டிரைவர் ஜோசயா மரத்தொட்டியில் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் ஏந்தி ஒவ்வொருவரிடமும் கொண்டுபோவான். முதல் சிரட்டை இயக்குநர் ஆபெனிசாவுக்கு. இரண்டாவது லித்தியானாவுக்கு. இப்படித்தான் என்று எவரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் யார் எவ்வளவு உயரம் என்று ஜோசயாவின் கால்களுக்குத் தெரியும். அலையடிக்கிற படகிலிருந்து தோளில் குழாய் சுமந்து இறங்கிய வருஷங்களுக்கெல்லாம் கூலி அந்தச் சிரட்டைதான் என்று லித்தியானா நினைத்தாள். ஒரு தட்டுக் கைதட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடிக்கும்போது எல்லாரும் அவளுக்காக மூன்று தட்டுத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் அவள் ஒரு வாரம் ஓட்டிவிடுவாள்.

பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் சுருங்கியது. கொடுக்கிறவர்களுக்கு அங்கே ஆட்சி மாறியதாம், கொள்கை மாறியதாம். ஆபெனிசா நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே கெட்ட செய்தி சொல்ல நா எழாதவர். அதனால் ஒரு தந்திரம் செய்தார். அலுவலகத்தைத் திருத்தியமைக்கிற சேதியை மேஜை நாற்காலி போட்ட கூட்டத்தில் சொல்லாமல் யங்கோனாத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து சொன்னார். தொட்டி முன்னால் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கோபம் வந்தாலும் சப்பணம் கட்டிய காலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இரண்டு பிரிவும் ஒன்றாகிறது என்றார். சிலர் போகவேண்டியிருக்கும் என்றார். பிரிவு ஒன்றானால் தலைவரும் ஒருவர்தானே, அது யார் என்பதை மட்டும் சொல்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

ஜோசயா முதல் சிரட்டையை அவருக்குக் கொடுத்தான். இரண்டாவதை நிரப்பிக்கொண்டு எழுந்தான். லித்தியானா வழக்கம்போல உள்ளங்கையைக் குவித்துக்கொண்டாள். அவன் குனிந்த தலை நிமிராமல் அவளைத் தாண்டிப் போய் சாலாவின் முன்னால் மண்டியிட்டான்.

அப்படித்தான் அந்த அறைக்குச் சேதி தெரிந்தது. குவித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் லித்தியானா முழங்காலைச் சொறிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை ஆபெனிசா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். சம்பளம் கொஞ்சம் குறையும், கிராமங்களுக்குப் போகிற வேலை அவளிடமே இருக்கும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்குத் தண்ணி தெரியும் லித்தியானா. அவளுக்கு மனுஷங்களைத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார் பாவம். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், செமி தட்டில் வைத்த மரவள்ளிக்கிழங்கு ஆறிப் போகிறவரை மென்றுகொண்டிருந்தாள்.

அலுவலகம் செத்துப்போனது. காலைத் தேநீர் என்பது அங்கே சின்ன விஷயமில்லை. ஆளுக்கொன்று கொண்டுவந்து நீள மேஜையில் பரப்பிவைத்துச் சாப்பிடுவார்கள். ஒருத்தி வறுத்த மாவு உருண்டை, ஒருத்தி டின் மீன், கணக்கர் தொர்சாமி வீட்டு ரொட்டியும் உருளைக்கிழங்கும். இப்போது அவரவர் கோப்பையை அவரவர் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகச் சொன்னவர்களின் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, அதை நகர்த்திப் போடக்கூட யாருக்கும் கை வரவில்லை. ஆக்லாந்திலிருந்து ஓர் ஆலோசகர் அம்மாள் வந்து கலர் கலராகச் சின்னத் தாள்களைக் கொடுத்து மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றாள். எல்லாரும் எழுதினார்கள். சுவர் முழுக்க நன்றி, சந்தோஷம், கடவுள் ஆசீர்வதிப்பார் என்றுதான் இருந்தது. அம்மாள் அதைப் படம் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாக விமானம் ஏறிவிட்டாள்.

லித்தியானா மட்டும் உள்ளுக்குள் நன்றாக உயிரோடு இருந்தாள். பொறாமைக்கு அந்தக் குணம் உண்டு, ஆளைச் சோர விடாது. சாலா நடப்பது, சாலா மெதுவாகப் பேசுவது, யாராவது வந்து நின்றால் சாலா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பது, எல்லாம் இவளுக்கு எரிந்தது. வாய்விட்டுத் திட்டவும் முடியாது, தலைவியாயிற்றே. ஆனால் திட்ட ஒரு வழி இருந்தது. அது இருவரும் பிறப்பதற்கு முன்பே போட்டுவைத்த வழி.

சாலா ரா மாகாணத்துக்காரி. அவள் கிராமத்துக்கும் லித்தியானாவின் கிராமத்துக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம் என்று கதை. அப்படிப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவு என்றால் கேலி செய்ய, வைய, கேட்காமல் பொருளை எடுத்துக்கொண்டு போகப் பிறப்பிலேயே உரிமை. பறிகொடுத்தவர் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அவர் ஊருக்கே அவமானம். வௌவால் தின்கிற ஊர் என்று ராக்காரர்களையும், கரையில் நின்று பாடி ஆமையைக் கூப்பிடுகிற ஊர் என்று கோரோக்காரர்களையும் கேலி செய்வது பழைய வழக்கம். இத்தனை வருஷமும் இருவரும் வேறு வேறு பிரிவில் இருந்ததால் அந்த உரிமையை இருவரும் பெரிதாக எடுத்து ஆண்டதில்லை.

ஒரு காலையில் லித்தியானா நேராக சாலாவின் மேஜைக்குப் போனாள். பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்று இருந்தது. எடுத்தாள்.

"என் நாற்காலியத்தான் திருடிட்ட. இதையாவது நான் எடுத்துக்கிறேன், வௌவால் தின்னி."

மனதிலிருந்ததை அப்படியே, ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டாள். சாலா நிமிர்ந்து பார்த்தாள், மெல்லச் சிரித்தாள்.

"எடுத்துக்கோ தௌவு. ஆமைய கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காஞ்சிருக்கும் உங்க ஊர்ல."

ஜோசயாதான் முதலில் சிரித்தான். கையிலிருந்த வண்டிச் சாவி கீழே விழுகிற மாதிரி சிரித்தான். பிறகு உனைசி. அவள் அலுவலகத்தின் இளைய எழுத்தர், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். தொர்சாமிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். லித்தியானா கோப்பையைக் கொண்டுபோய் அதில் தேநீர் குடித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தேநீர் இனித்தது.

அதன்பிறகு அவள் விடவில்லை. குடையை எடுத்தாள். புதிய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாலாவின் கண்முன்னாலேயே மாடிப்படி இறங்கினாள். அன்னாசி ஜாம் பாட்டிலை எடுத்தாள். எடுத்த ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. போகிறபோக்கில் ஒரு வசவு. மனிதர்களைத் தெரிந்தவளே, உன் செருப்பைத் தெரியவில்லையா என்பாள். இந்தத் தலைமைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தவர் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பாள். அத்தனையும் நெஞ்சிலிருந்து வந்த நிஜ விஷம். அதைத்தான் எல்லாரும் விளையாட்டென்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தௌவுக்குள் நிஜம் எது, கேலி எது என்று யாரால் பிரித்துப் பார்க்க முடியும்? இன்று லித்தியானா எதைத் தூக்கப்போகிறாள் என்று பார்க்கவே காலையில் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். பார்ப்பதற்கு வசதியாக நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபிறகு சாப்பாட்டைப் பரப்பினார்கள். காலி நாற்காலிகளை ஒருநாள் ஜோசயா தானாகவே எடுத்து அடுக்கினான்.

சாலாவோ திரும்ப ஒரு குண்டூசிகூட எடுக்கவில்லை. அவளுக்கும் அதே உரிமை உண்டு. தன்னிடம் எடுக்கத்தக்கது எதுவுமில்லை என்று நினைக்கிறாள் போல என்று லித்தியானாவுக்கு அதிலும் ஒரு குத்தல். அதோடு எடுக்க எடுக்க மேஜையின் கதவோரத்து மூலையில் புதிதாக ஏதாவது முளைத்துக்கொண்டே இருந்தது. ஒரு குடை போனால் இன்னொரு குடை. சம்பளம் ஏறிய திமிர், கடை பரப்பிக் காட்டுகிறாள் என்று செமியிடம் சொல்லிப் புலம்பினாள்.

அறங்காவலர் குழுத் தலைவர் ஒருநாள் வந்தார். தேநீர் மேஜையைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார். போகும்போது ஆபெனிசாவிடம் சொன்னது படிக்கட்டில் நின்ற லித்தியானாவின் காதில் விழுந்தது. மற்ற நிறுவனங்களில் இப்படி ஆள் குறைத்தபின் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பார்களாம். இங்கே சிரிக்கிறார்களாம். சாலாசெய்னி சாதித்துவிட்டாளாம்.

லித்தியானாவுக்கு வயிற்றில் அடுப்புப் பற்றிக்கொண்டது. சிரிக்கவைத்தது யார்? வாய் வலிக்க வைதது யார்? கல்லைக் கல்லாகப் பொறுக்கி எறிந்தது இவள், அதை எடுத்து வீடு கட்டிக்கொண்டது அவளா? தன் வாயாலேயே அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று அன்று முழுக்கப் பல்லைக் கடித்தாள்.

மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டாள். சாலாவின் மேஜையைத் தாண்டும்போது கண்ணை நேராக வைத்துக்கொண்டாள். "காலை வணக்கம் மேடம்" என்றாள். நீங்கள், வாருங்கள், உங்கள் விருப்பம் என்று மரியாதையாகப் பேசினாள். அந்த ஊரில் தௌவுக்காரி மரியாதை கொடுத்தால் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது. முதல் நாள் எல்லாரும் இது புதுக் கேலி என்று காத்திருந்தார்கள். இரண்டாம் நாள் உனைசி பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். அந்த வாரம் முடிவதற்குள் கோப்பைகள் மறுபடி அவரவர் மேஜைக்குப் போய்விட்டன. மூலையில் ஜாம் பாட்டில் ஒன்று எடுப்பாரில்லாமல் தூசி படிந்து நின்றது. லித்தியானா அதைத் தினமும் பார்த்தாள், தொடவில்லை. யாருடைய சாதனை இது, இப்போது சொல்லட்டும் என்று மனதுக்குள் கொக்கரித்தாள்.

மழைக்காலத்தில் பணம் இன்னும் சுருங்கியது. ஆபெனிசா மறுபடியும் பாய் விரித்தார். இந்த முறை பிரிவுத் தலைவி வேலையும் கிராமங்களுக்குப் போகிற வேலையும் ஒன்றாகிறது என்றார். இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும். லித்தியானா கையைக் குவிக்கவில்லை, ஒருமுறை பட்டது போதும் என்று மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜோசயா இரண்டாவது சிரட்டையோடு எழுந்தான். வந்து அவள் முன்னால் மண்டியிட்டான்.

அப்போதுதான் சாலா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கவனித்தாள். தொட்டியின் கீழ்ப்பக்கம், கடைசியில் குடிக்கிறவர்களின் இடத்தில், கதவை ஒட்டி. விஷயம் பிறகு தொர்சாமி மூலம் தெரிந்தது. யாரை வைத்துக்கொள்வது என்று ஆபெனிசா தவித்தபோது சாலாவே போய்ச் சொன்னாளாம். தீவுக்குப் படகேற ஆள் வேண்டும், குழாய் உடைந்தால் தெரிந்த கை வேண்டும், அறிக்கை எழுத உனைசி பழகிக்கொண்டாள், நான் போகிறேன் என்று.

ஆசைப்பட்டது கையில் இருந்தது. குடித்தாள், மூன்று தட்டுத் தட்டினார்கள். ஆனால் பிரிவு உபசாரத்தில் லித்தியானாவால் அங்கே இருப்புக்கொள்ள முடியவில்லை. சாலாவின் கழுத்தில் முகம் மறைகிறவரை மாலை போட்டார்கள். வழியனுப்பும் பாட்டைப் பாட ஆரம்பித்து முதல் வரியிலேயே உனைசி உடைந்தாள். ஜோசயா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் போயிருந்தால் இப்படி அழுவார்களா என்று லித்தியானா நினைத்தாள். வேலை போனவள்மேலும் ஒருத்தி பொறாமைப்படுவாளா? இவள் பட்டாள்.

கூட்டம் கலைந்தபின் சாலாவின் மேஜைக்குப் போனாள். என்னுடைய மேஜைதானே இனி என்று ஒரு சாக்கு. சாலா சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் அந்த ஜாம் பாட்டில், தூசி துடைத்து வைத்திருந்தது.

"எடுத்துக்கோ. உனக்கு வாங்கினதுதான்."

லித்தியானாவுக்கு மரியாதை மறந்துபோயிற்று. "எனக்கா? எதுக்கு?"

"எனக்கு அன்னாசி ஆகாது தௌவு. நாக்கு தடிச்சுடும்."

லித்தியானா பாட்டிலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அப்படியானால் குடை, செருப்பு, போன ஜாம் எல்லாம் என்று கேட்க வாயெடுத்தாள். சாலா பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே பேசினாள், வழக்கமான அந்த மெதுவான குரலில்.

"கோப்பைய எடுத்தப்பவே தெரியும், நீ விளையாடலன்னு. விளையாட்டுக்கு எடுக்கிறவ சாயங்காலம் திருப்பி வெச்சுடுவா. உனக்கு வயித்தெரிச்சல். ஆனா ஜோசயா சிரிச்சான் பாரு. ஆளுங்களை வெளிய அனுப்பினதுக்கப்புறம் அவன் சிரிச்சு நான் பாக்கல. என்னால சிரிக்க வெக்க முடியல தௌவு, என் வாய்க்கு அது வராது. உன்னால முடிஞ்சது. அதான் தினமும் கை எட்டுற இடத்துல ஏதாவது வாங்கி வெச்சேன்."

"அப்போ என்னைய ஆட்டி வெச்சிருக்க."

"சாமான்தான் நான் வெச்சேன். திட்டினது பூரா உன் சொந்தச் சரக்கு."

அவள் போனபின் லித்தியானா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு, வழக்கப்படி, பொறாமை வந்தது. தான் திருடிய பொருள்கள்கூட அவள் கொடுத்தவையாகிவிட்டன. இவ்வளவு நாள் அவளைக் கொள்ளையடித்ததாக நினைத்து அவள் வீட்டுப் பிச்சை வாங்கியிருக்கிறோம். மனிதர்களைத் தெரியும் என்றால் இதுதானா என்று ஆத்திரத்தோடு யோசித்தாள்.

லித்தியானா நன்றாகத்தான் வேலை செய்தாள். தொட்டிகள் தீவுகளுக்குப் போயின. கணக்கு சரியாக இருந்தது. எல்லாரும் அவளைக் கண்டால் எழுந்தார்கள், தேநீர் போட்டு மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவளும் சாலா செய்ததைச் செய்து பார்த்தாள். கதவோரத்து மூலையில் ஒரு நல்ல ஃப்ளாஸ்க் வாங்கி வைத்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த அலுவலகத்தில் அவளுக்கு வேறு தௌவு யாரும் கிடையாது, தலைவியின் பொருளைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? துடைக்கிறவள்கூட ஃப்ளாஸ்க்கைச் சுற்றித்தான் துடைத்தாள். உனைசி ஆஸ்திரேலியாவில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனுப் போடப்போவதாகத் தொர்சாமி சொன்னார். ஜோசயா வெளிநாட்டுத் தோட்டங்களில் பழம் பறிக்கப் போகும் கூட்டத்தோடு சேரப்போகிறானாம். டிரைவரும் எழுத்தரும் போனால் அறக்கட்டளையில் மிச்சமிருப்பது ஒரு நல்ல மனிதரும் ஒரு ஃப்ளாஸ்க்கும்தான். கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

சாலா சந்தைப் பக்கம் அக்காளின் சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டுகிறாள் என்று செமி சொன்னான். லித்தியானா ஒரு மதியம் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால், அவள் கஷ்டப்படுகிறாளா என்று பார்க்கத்தான். அதை மறைப்பானேன்?

கஷ்டப்படுகிற முகமாக இல்லை. கடை முன்னால் பெண்கள் கூட்டம், நடுவில் சாலா. கோரோ தீவுக்காரி ஒருத்தி, லித்தியானாவின் ஊர்தான், மீன் விற்கிறவள், சாலாவின் ஓலைத் தொப்பியைப் பறித்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வௌவால் தின்னிக்குத் தொப்பி ஒரு கேடா என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது.

லித்தியானாவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. அந்த வசவு என்னுடையது. அந்தத் தொப்பியைப் பறிக்கிற கை என் கையாக இருக்க வேண்டும். நேராகப் போய் மீன்காரியின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கினாள். சாலாவிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை, தன் தலையில் வைத்துக்கொண்டாள். மீன்காரி வாயைப் பிளந்தாள்.

சாலா ஒரு பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆபீஸ் எப்படி இருக்கு?"

அருமையாக இருக்கிறது என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சத்தமே இல்ல" என்றாள் லித்தியானா.

சாலா இலையில் சேம்பை எடுத்து வைத்தாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள். அடுத்த வார்த்தை வாய்வரை வந்தும் லித்தியானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம். போனால் உனைசியின் மனு போய்விடும், ஜோசயா போய்விடுவான்.

"வெள்ளிக்கிழமை வா. என் மேஜை ஓரத்துல நல்ல சாமான் ஒண்ணு இருக்கு."

"நான்தான் உன்கிட்ட எதுவும் எடுத்ததில்லையே."

"அதான் உன் திமிரு. வந்து எடு."

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. சாலா நனைந்துகொண்டு வந்தாள், குடையையெல்லாம்தான் லித்தியானா எடுத்துவிட்டாளே. உள்ளே வந்ததும் ஆளுக்கு ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வரும் வழியில் லித்தியானாவின் மேஜையைத் தாண்டியபோது ஃப்ளாஸ்க்கை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வந்து லித்தியானாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்கும் திமிர்தானா என்று லித்தியானா மனதுக்குள் கறுவினாள்.

ஆபெனிசா முதல் சிரட்டையைக் குடித்தார். ஜோசயா இரண்டாவதை நிரப்பிக்கொண்டு வந்து லித்தியானாவின் முன்னால் மண்டியிட்டான். அவள் கையைக் குவித்து ஒரு தட்டுத் தட்டினாள். வாங்கக் கை நீட்டினாள்.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு சிரட்டையை எடுத்துக்கொண்டது. சாலா ஒரே மூச்சில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, வெறும் சிரட்டையை ஜோசயாவிடம் நீட்டினாள்.

தலைவியின் சிரட்டையை அதுவரை யாரும் அந்த அறையில் பறித்ததில்லை. எல்லாரும் லித்தியானாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முகம் சுளிக்கலாம். சுளித்தால் அவ்வளவுதான். அந்தச் சிரட்டைக்காக அவள் எவ்வளவு எரிந்தாள் என்று பக்கத்தில் இருப்பவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் குறி பார்த்து எடுத்திருக்கிறாள்.

"திருடி" என்றாள் லித்தியானா. "வீட்டை விட்டுப் போனாலும் வௌவாலுக்கு ராத்திரியானா இந்தக் கூரைதான் ஞாபகம் வருது."

முதலில் ஆபெனிசாவின் மூக்கிலிருந்துதான் சத்தம் வந்தது. பிறகு உனைசி ஆரம்பித்தாள், நிறுத்தத் தெரியாமல். ஜோசயா சிரட்டையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் தோள் குலுங்கக் குனிந்துகொண்டான். தொர்சாமி கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பு எழும்பி எழும்பி அடங்கியது. அது சாலாவைப் பார்த்ததும் திரும்பி வந்த சிரிப்பு, சாலா வந்துவிட்டாளே என்ற சிரிப்பு என்று லித்தியானாவுக்குத் தெரியாமலில்லை. வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு கையைக் குவித்து, சாலாவுக்காக மூன்று தட்டுத் தட்டினாள். ஜோசயா மறுபடி நிரப்பிக் கொண்டுவரும்வரை காத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை கோப்பைகள் நீள மேஜைக்கு வந்திருந்தன. உனைசி வறுத்த மாவு உருண்டைகளை நடுவில் வைத்துவிட்டு, மனுவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வேறொன்று கேட்டாள்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமையும் சாலாக்கா வருவாங்களா?"

என்னைப் பற்றி இப்படி யாராவது கேட்டிருப்பார்களா என்று லித்தியானா ஒரு கணம் நினைத்தாள்.

"வருவா" என்றாள்.

சாயங்காலம் கடைக்குப் போனாள். என்ன வாங்கி வைப்பது என்று அலமாரி அலமாரியாக வெகுநேரம் பார்த்தாள். அன்னாசி ஜாமை மட்டும் தாண்டிப் போனாள்.